முகவரை நான் ஒழித்த வரலாறு

சென்ற திங்கள், கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தோருக்கென நடந்த பயிற்சிக் கூட்டத்தில், ஓய்வு பெற்றும் இன்னும் உயிரோடிருப்பவன் என்னும் தகுதியின் பேரில் என்னையும் மேடையில் அமர்த்தினர். எனக்கு முன் பேசிய இளைஞர் பழைய சுற்றறிக்கை ஒன்றின் படியை உயர்த்திக் காட்டினார். "இடையில் நிற்பவரை அகற்றி, ஆக்குபவரிடமே நேரே வாங்குவது எப்படி என்பதற்கு நம் துறையிலேயே முன்மாதிரி இருக்கிறது. ஜவ்வாது மலைக்கு வாங்கிய ஜீப்பு!" என்று முழங்கினார். அரங்கம் கைதட்டியது. மேடையில் அமர்ந்திருந்தபடியால் நானும் தட்டினேன்.

அந்த முன்மாதிரி நான்தான். அச்சுற்றறிக்கை வெளியான நாளுக்கும் அந்த ஊர்தி பதிவெண் பெற்ற நாளுக்கும் இடையில் நிகழ்ந்தவற்றைக் குறித்து ஒரு சுற்றறிக்கையும் வெளியாகவில்லை. அரசு அலுவலகத்தில் வெற்றிக்குப் படிகள் எடுப்பர். தோல்விக்குக் கறையான் போதும் என விட்டுவிடுவர். கறையான் தன் கடமையைச் செவ்வனே முடித்துவிட்டது. எஞ்சியிருப்பவை என் நினைவும் ஒரு பழைய குறிப்பேடுமே. இனியும் எழுதாது விட்டால், அந்தச் சுற்றறிக்கையை நம்பி நீங்களும் நான் செய்ததையே செய்வீர்கள். ஆகவே கொள்முதல் பிரிவின் தம்பியரே, தங்கையரே, படியுங்கள்.

எழுபதுகளின் இறுதி. போளூரில் மலைப்பகுதி மேம்பாட்டுக்கென நிறுவிய சிற்றலுவலகம் ஒன்றில் நான் கொள்முதல் கண்காணிப்பாளன். எங்கள் அலுவலகத்தின் பணி மலைமேல், அலுவலகமோ மலையடியில். செவிலியும் விதை மூட்டையும் மேலே போக வேண்டுமாயின், நாளுக்கு ஒருமுறை வருவதாகச் சொல்லப்பட்ட பேருந்தை நம்ப வேண்டும். ஆகவே அரசு ஒரு ஜீப்பு வாங்க ஒப்புதல் தந்தது. பிறர் ஜீப்பு என்றதை நான் கோப்பில் 'மலையேறு ஊர்தி' என்றே எழுதினேன். அது மலையேறும் என்பதில் அன்று எனக்கு ஐயமே இல்லை.

ஊர்தியோடு ஓர் ஓட்டுநர் பணியிடத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. அதற்குத் தேர்வானவர் வெள்ளையன். மலைமேலுள்ள சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர், முப்பது வயதினர், மூன்று பிள்ளைகளின் தந்தை. போளூர்ப் புளி மண்டி ஒன்றில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் ஊரில் ஓட்டுநர் உரிமம் பெற்ற முதல் மனிதர் அவரே. ஒப்புதல் ஆணையின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: நிதியாண்டு முடியுமுன் ஊர்தி பதிவு பெற்றுப் பணிக்கு வாராதாயின், ஓட்டுநர் பணியிடமும் அத்துடன் காலாவதியாகும். அதாவது மார்ச்சு இறுதிக்குள் வண்டி இருந்தால் வெள்ளையனுக்கு வேலை உண்டு, இல்லையேல் இல்லை.

ஆணையைக் கையில் வாங்கிய அன்று அவர் கேட்டார்:

"லாரிய வுட்டுட்டு வந்துடலாங்களா அய்யா? மண்டியில கேக்கறாங்க."

"வந்துவிடு" என்றேன். "வண்டி தொழிற்சாலையிலிருந்து நேரே வருகிறது. இடையில் தடுப்பார் எவருமில்லை."

எத்துணை அழகிய வாக்கியம்!

இனி முகவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் ஊர்தி வேண்டுவோர் முகவரிடம் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருப்பர். தந்தை பதிந்த வண்டியில் மகன் ஏறுவான். வரிசையில் யார் முன்னே, யார் பின்னே என்பது முகவரின் மேசை இழுப்பறை மட்டுமே அறிந்த மறைபொருள். எனவே முகவர் என்னும் இனத்தின்மீது எனக்கிருந்த சினம் முற்றும் காரணமற்றதன்று. காரணமுள்ள சினம்தான் மனிதனை முழுமையாகக் கெடுக்கும் என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

முகவரை விலக்கி, ஊர்தி செய்யும் நிறுவனத்துக்கே மடல் எழுதினேன். பத்து நாளில் விடை வந்தது. ஆனால் அஞ்சலில் வரவில்லை. வேலூர் முகவர் நிறுவனத்தின் மேலாளர், என் மடலையே கையில் ஏந்தி, போளூர்ப் பேருந்திலிருந்து இறங்கினார். பருத்த உடல், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, எதற்கும் சினவாத முகம். அந்தச் சினவாமை எனக்குப் பெருஞ்சினத்தை ஊட்டியது.

"வணக்கம் சார். நேரா கம்பெனிக்கே எழுதியிருக்கீங்க போல. அவுங்க எங்களுக்கு அனுப்பிட்டாங்க. இன்னா வேணும், சொல்லுங்க."

"உங்களிடமிருந்து ஒன்றும் வேண்டா என்பதே அம்மடலின் பொருள்."

"அது படிச்சதுமே புரிஞ்சிச்சுங்க சார். நல்லா எழுதியிருந்தீங்க. எங்க டைப்பிஸ்ட் பொண்ணு ரெண்டு தபா படிச்சிச்சு."

இரண்டாம் மடல் எழுதினேன். 'இம்மடலை எக்காரணம் கொண்டும் முகவருக்கு அனுப்பலாகாது' என்னும் வரிக்கு அடிக்கோடிட்டேன். அடுத்த வாரம் மேலாளர் அதனையும் கொண்டுவந்து சேர்த்தார்.

"இதுல கோடு வேற போட்டிருக்கீங்க சார்" என்றார், குழந்தையின் ஓவியத்தைப் பாராட்டுபவர்போல.

மூன்றாம் மடலும் நான்காம் மடலும் இவ்வாறே வந்து சேர்ந்தன. அஞ்சல் துறையினும் விரைவாக என் மடல்களை என்னிடமே சேர்ப்பித்த மனிதர் அவர். நான்காம் முறை, தேநீர் குடித்து முடித்தபின், எழுந்து நின்றபடியே ஒன்று சொன்னார்:

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க சார். வண்டிய செய்யறது கம்பெனிக்காரன். அத ஓடற வண்டியா ஆக்கறது நாங்க. அந்த வேலை வெளிய தெரியாது."

"வெளியே தெரியாத வேலையைப் பற்றிக் கோப்பில் எழுத இயலாது" என்றேன். இதனையும் அழகிய வாக்கியம் என்றே அன்று எண்ணினேன்.

ஐந்தாம் மடலை எங்கள் மேலதிகாரியின் கையொப்பத்தோடு அனுப்பினேன். மேலதிகாரி வேலூரில் இருந்தார். புதுமை என்றால் உயிரை விடுவார், பிறர் உயிரை. அரசு ஒதுக்கீட்டின்கீழ் நேரடியாகத் தர நிறுவனம் இசைந்தது. மேலதிகாரி மகிழ்ந்து, வண்டி வருமுன்பே, 'தரகரற்ற கொள்முதல்: ஒரு முன்மாதிரி' என்று சுற்றறிக்கை விடுத்தார். சென்ற திங்கள் மேடையில் ஆடியது அதே தாள்தான்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். கவனமாகக் கேளுங்கள், இப்பிழையை ஓட்டுநர் செய்ய இயலாது, பொறியாளர் செய்ய இயலாது. கொள்முதல் கண்காணிப்பாளன் ஒருவனால்தான் இயலும்.

நிறுவனம் எட்டுப் பக்கப் படிவம் ஒன்றை அனுப்பியது. ஏழு பக்கங்களைச் சொல் சொல்லாகப் படித்து நிரப்பினேன். எட்டாம் பக்கத்தின் தலைப்பு: 'ஊர்தியை வாங்குவோரிடம் ஒப்படைக்குமுன் முகவர் செய்ய வேண்டியவை.' அதன்கீழே இருபத்துச் சொச்சம் வரிகள், ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு சிறு கட்டம். தலைப்பில் 'முகவர்' என்ற சொல்லைக் கண்டதும் எனக்குள் ஒரு பேருவகை எழுந்தது. வரிகளைப் படிக்கவில்லை. சிவப்பு மை எழுதுகோலை எடுத்தேன். இடப்பக்க மேல்முனையிலிருந்து வலப்பக்கக் கீழ்முனைவரை ஒரே கோடு. அதன்மேல் 'முகவர் இலர். பொருந்தாது' என்று எழுதினேன். கையொப்பம், நாள், முத்திரை. என் பணிக்காலத்தில் நான் இட்ட கோடுகளுள் அத்துணை நேரானது வேறொன்றில்லை.

மார்ச்சுத் தொடக்கத்தில் நானும் வெள்ளையனும் தொடர்வண்டி ஏறி, வடபுலத்துப் பெருநகர் ஒன்றிலிருந்த தொழிற்சாலைக்குச் சென்றோம். வாயிலில் இருந்த அலுவலர் என் எட்டாம் பக்கத்தைப் புரட்டினார். கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீண்டும் கோட்டைப் பார்த்தார். "இதை யாரும் செய்யவில்லையே, பரவாயில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "முகவர் செய்யும் எதுவும் எங்களுக்கு வேண்டா" என்று நானும் அதே மொழியில் விடையிறுத்தேன். தோளைக் குலுக்கிவிட்டுச் சாவியைத் தந்தார்.

வண்டி புதிது, வெள்ளையன் அதைக் கண்ணாடிப் பாத்திரம்போல் ஓட்டினார். இரண்டாம் நாள் நண்பகலுக்குப் பின் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"அய்யா, பின்னாடி சத்தம் வருதுங்க. கிரவுன் பக்கம்."

பின் சக்கரங்களுக்கு நடுவே, அச்சின் உள்ளிருக்கும் பல்சக்கரத்தை லாரிக்காரர் 'கிரவுன்' என்பர். எனக்கு எவ்வொலியும் கேட்கவில்லை.

"புதிய வண்டி, பழகும்வரை ஏதேனும் ஒலி எழுப்பும்" என்றேன்.

"இல்லீங்க, இது காஞ்ச சத்தம். ஆயில் இல்லாத மாதிரி. அந்த போல்ட்ட தெறந்து ஒரு நிமிசம் பாத்துடறேனுங்க. லாரில எத்தினியோ தபா பாத்திருக்கேன்."

நான் உத்தரவாதச் சீட்டை எடுத்துப் படித்துக் காட்டினேன். அங்கீகாரம் பெற்ற முகவரைத் தவிர வேறெவர் அச்சைத் திறப்பினும் உத்தரவாதம் செல்லாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. நிலைமையை நினைத்துப் பாருங்கள். திறக்கத் தகுதியுடையவர் முகவர் ஒருவரே. அம்முகவரை நானே ஒழித்துவிட்டேன். எனவே அந்த அச்சைத் திறக்கத் தகுதியுடையவர் இவ்வுலகில் எவருமிலர். இம்முடிவின் அபத்தம் எனக்கு அன்று உறைக்கவில்லை. அதன் தருக்கத் தூய்மையே மனத்தைக் கவர்ந்தது.

"வெள்ளையா, இது லாரி அன்று. கை வைக்காதே."

"சரிங்கய்யா" என்றார். மீதி வழியெல்லாம் தலையைச் சற்றுப் பின்புறம் சாய்த்தபடியே ஓட்டிவந்தார். கழுத்து வலி என்று நினைத்தேன்.

போளூர் வந்து சேர்ந்தபோது நிதியாண்டு முடியப் பத்து நாட்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. பதிவெண் வாங்குமுன் மேலதிகாரிக்கு மலையேற ஆசை. சுற்றறிக்கை விட்டவர் ஒளிப்படம் எடுக்க வேண்டாவா? தற்காலிக எண்ணோடு, முகப்பில் சாமந்தி மாலையும் நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழமுமாக ஊர்தி புறப்பட்டது. மேலதிகாரி முன்னிருக்கையில், அவர் கழுத்திலும் ஒரு மாலை. நான் பின்னே.

மூன்றாம் கொண்டையூசி வளைவில் பின்புறம் எலும்பு நொறுங்குவதுபோல் ஓர் ஓசை எழுந்தது. அதை நானும் கேட்டேன். சக்கரங்கள் இறுகி நின்றன. எண்ணெய் தீய்ந்த நாற்றம் எழுந்தது. உரிய எண்ணெய் இருந்திருந்தால் நாற்றம் இன்னும் சிறப்பாக இருந்திருக்கும்.

அந்நேரம் பார்த்து மலைமேலிருந்து புளி மூட்டைகளைத் தலையில் சுமந்துகொண்டு நான்கைந்து பெண்கள் இறங்கி வந்தனர். வளைவில் குறுக்கே நின்ற வண்டியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது அவர்களுக்கு.

"இன்னாடி இது, மாலையெல்லாம் போட்டுக்கினு வழியில நிக்குது?"

"கெவருமெண்டு வண்டிடி. புதுசாம்."

"புதுசா? எங்க வூட்டு எருமை போட்ட கன்னு கூட பொறந்த அன்னிக்கே எழுந்து நடந்துச்சு."

"மாலை வண்டிக்கா, உள்ள குந்தியிருக்கற ஆளுக்கா?"

"ரெண்டுத்துக்கும்தான். ரெண்டும்தான் நவுர மாட்டேங்குதே!"

சிரிப்பொலி அடுத்த வளைவுவரை கேட்டது. மேலதிகாரி மாலையைக் கழற்றினார். வெள்ளையன் பக்கம் திரும்பினார்.

"என்னய்யா பண்ணே வண்டிய?"

"ஒண்ணும் பண்ணலீங்க."

"வர்ற வழியில சத்தம் கித்தம் ஏதாவது வந்துதா?"

வெள்ளையன் என்னைப் பார்த்தார். நான் அவ்வமயம் சாலையோரத்துப் பலாமரம் ஒன்றைக் கூர்ந்து நோக்கிக்கொண்டிருந்தேன். நல்ல மரம். அடித்தண்டிலேயே பிஞ்சு பிடித்திருந்தது. எத்தனை பிஞ்சுகள் என்றுகூட எண்ணினேன், ஏழு.

"புது வண்டிங்க" என்றார் வெள்ளையன். "எனக்கு அவ்ளோ தெரிலீங்க."

மேலதிகாரி பிற்பகல் பேருந்தில், புளி மூட்டைகளுக்கிடையே நின்றபடி, மலையிறங்கினார். ஒளிப்படம் எடுக்கப்படவில்லை.

அன்று மாலையே நிறுவனத்துக்குத் தந்தி அடித்தேன். மறுநாள் விடைத்தந்தி வந்தது: 'அருகிலுள்ள அங்கீகாரம் பெற்ற முகவரை அணுகுக.' ஐந்து மடல் எழுதி நான் ஒழித்தவரை அவர்கள் ஒரே வரியில் உயிர்ப்பித்துவிட்டார்கள்.

மேலதிகாரி தொலைபேசியில் அழைத்தார்.

"ரிப்போர்ட் ரெண்டு வரி போதும். டிரைவர் கவனக்குறைவுன்னு போட்டுடுங்க. சர்க்குலர் எல்லா ஆபீசுக்கும் போயாச்சு. இப்பப் போய் கொள்முதல்லயே தப்புன்னா நல்லாவா இருக்கும்? உங்க பேரும்தான் அதுல இருக்கு."

"அவனுடைய வேலை..."

"அவன் இன்னும் வேலையிலயே சேரலியே. சேராதவனுக்கு என்ன நஷ்டம்?"

வரைவு எழுதினேன். மறைக்க மாட்டேன், எழுதினேன். 'ஓட்டுநரின் அனுபவக் குறைவினாலும் கவனமின்மையாலும் நேர்ந்ததெனக் கருதப்படுகிறது.' கருதுபவர் யார் என்பதை அவ்வாக்கியம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் துறையில் உயிர்க்கொலைகள் பலவும் செயப்பாட்டு வினையில்தான் நிகழ்கின்றன.

மை உலருமுன் வெள்ளையன் வந்து மேசைமுன் நின்றார். வளைவில் நின்ற வண்டிக்கு இரண்டு நாளாக அவரே காவல்.

"லாரிக்கு வேற ஆள போட்டுட்டாங்கய்யா. அத சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"வேறென்ன?"

"வூட்ல கேக்கறாங்க, வண்டிய எப்ப ஊருக்கு எடுத்துக்கினு வருவேன்னு. எங்க ஊரு ஆளே ஓட்டிக்கினு வர்றத பசங்க பாக்கணுமாம்."

நான் வரைவின்மேல் ஒரு கோப்பை நகர்த்தி வைத்தேன்.

"அன்று அவர் கேட்டபோது நீ ஏன் சொல்லவில்லை? ஒலி வந்தது, திறக்கக் கேட்டேன், இவர்தான் விடவில்லை என்று?"

"நீங்க பேசாம இருந்தீங்க" என்றார், எனக்குப் புரியும் வகையில் விளக்குபவர்போல. "பெரியவங்க பேசாம இருக்கறப்ப நான் இன்னாத்த பேசறது?"

மறுநாள் காலை வேலூர்ப் பேருந்தில் ஏறினேன்.

முகவர் நிறுவனத்தின் மேலாளர் என்னைக் கண்டு வியக்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"எதிர்பாத்துக்கினே இருந்தோம் சார். ஆனா மூணாவது வளைவு வரைக்கும் வரும்னு நாங்க நெனைக்கல. நல்ல டிரைவர் போல."

"என்ன நடந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கம்பெனிக்கு நீங்க எழுதறது எல்லாத்துக்கும் எங்களுக்கு ஒரு காப்பி வரும் சார். எட்டாவது பக்கமும் வந்துச்சு, நீங்க அடிச்ச தந்தியும் வந்துச்சு. வாங்க, காட்டறேன்."

பின்புறப் பட்டறைக்கு அழைத்துச் சென்றார். கருவிகள் தொங்கிய சுவரின் நடுவே, சாமி படத்துக்கு அருகில், என் சிவப்புக் கோடு ஒட்டப்பட்டிருந்தது. முத்திரையோடு. அதன் கீழே, வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்த மூத்த மெக்கானிக் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இவருதானா சார் அது?" என்றார் மேலாளரிடம். பிறகு என்னிடம், மரியாதையாக: "கோடு நல்லா வந்திருக்குங்க. ஸ்கேலு வச்சா போட்டீங்க?"

"கையால்" என்றேன்.

"அடேயப்பா!"

மேலாளர் என்னை மேசைக்கு அழைத்துவந்தார். முதன்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ரெண்டு வழி இருக்கு சார். டிரைவர் தப்புன்னு நீங்க எழுதிக் குடுத்தா, உத்தரவாதத்துல வராது. காசு குடுத்துதான் பார்ட்டு வாங்கணும், அதுக்கு உங்க ஆபீசு உத்தரவு வரணும். ஏப்ரல்ல வண்டி ரெடி. உங்க பேருக்கு ஒரு கறையும் கிடையாது."

"இன்னொரு வழி?"

"அந்தப் பக்கத்துல இருக்கற வேலை ஒண்ணுகூட செய்யலை, செய்ய வேணாம்னு சொன்னது நான்தான், டிரைவர் சத்தம் கேட்டுச் சொன்னாரு, தெறக்க வேணாம்னு தடுத்ததும் நான்தான்னு உங்க கையால எழுதணும். அத வச்சு நான் கம்பெனிகிட்ட பேசிக்குவேன். பார்ட்டு எங்ககிட்டயே இருக்கு. நாளைக்கே ஆள் வர்றான். ஆனா அந்தக் காப்பி உங்க ஆபீசுக்கும் போவும் சார். போவாம இருக்காது."

வெள்ளையனைப் பற்றி நான் அவரிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. "டிரைவர் ஒலியைச் சொன்னார் என்று யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"புளி லாரி ஓட்டுனவர்னு கேள்விப்பட்டேன். அவுங்களுக்குக் கேக்காம இருக்காது சார். கேட்டா சொல்லாமலும் இருக்க மாட்டாங்க. சொல்லியும் தெறந்து பாக்கலைன்னா, யாரோ தடுத்தாங்கன்னுதானே அர்த்தம்?"

எழுதுகோலுக்காகச் சட்டைப்பையைத் துழாவினேன். சிவப்பு மைதான் இருந்தது. மேலாளர் தம் நீல எழுதுகோலை நீட்டினார். ஒரு பக்கம் எழுதினேன். அதில் செயப்பாட்டு வினை ஒன்றும் இல்லை. போளூர் திரும்பியதும் முதல் வேலையாக, கோப்பின் அடியிலிருந்த பழைய வரைவை எடுத்துக் கிழித்தேன்.

மறுநாள் முற்பகலில் அந்த மூத்த மெக்கானிக் மூன்றாம் வளைவுக்கு வந்தார். பழுதான பல்சக்கரத் தொகுதியை இறக்கிப் புதியதை ஏற்ற அன்று மாலைவரை ஆயிற்று. மறுநாள் காலை, சுவரிலிருந்து உரித்துக் கொண்டுவந்திருந்த எட்டாம் பக்கத்தை என் கையில் தந்தார்.

"ஒண்ணொண்ணா படிங்க சார். நான் செய்யறேன், டிரைவரு பாக்கட்டும், நீங்க கட்டத்துல டிக் போடுங்க."

அவ்வாறு, நான் கோடிட்டு அழித்த பக்கத்தை நானே முதன்முறையாகப் படித்தேன், சாலையில் நின்று, உரத்த குரலில். சக்கரத் திருகுமறைகளை இறுக்குக. நிறுத்தியில், அதாவது பிரேக்கில், புகுந்த காற்றை அகற்றுக. வில் தகடுகளின் பிடிகளைச் சோதிக்க. வண்டிக்கடியிலிருந்து "ஆச்சு" என்று குரல் வரும். வெள்ளையன் குனிந்து பார்த்துத் தலையாட்டுவார். நான் கட்டத்தில் குறியிடுவேன். சிவப்புக் கோட்டின்மேலேயே சில குறிகள் விழுந்தன. பன்னிரண்டாம் வரி வந்தது: தொழிற்சாலையிலிருந்து ஏற்றியனுப்புவதற்கென மட்டும் பின்னச்சில் ஊற்றியுள்ள மெல்லிய எண்ணெயை வடித்துவிட்டு, ஓட்டத்துக்குரிய கெட்டி எண்ணெய் நிரப்புக.

அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"சரியா கேக்கல சார். அத இன்னொரு தபா படிங்க."

படித்தேன்.

"ஏம்பா, உனக்கு சத்தம் கேக்கல?" என்று அவர் வெள்ளையனைக் கேட்டார்.

வெள்ளையன் வழக்கம்போல் என்னைப் பார்த்தார். பலாமரம் அங்கேயேதான் இருந்தது. இம்முறை நான் அதனைப் பார்க்கவில்லை.

"கேட்டது" என்றேன். "இரண்டாம் நாளே சொன்னார். திறந்து பார்க்கிறேன் என்றார். நான்தான் விடவில்லை."

"நெனச்சேன்" என்றது வண்டிக்கடியிலிருந்த குரல். "ம், அடுத்தது படிங்க."

நிதியாண்டின் கடைசி வேலைநாளன்று வேலூரில் ஊர்தி பதிவெண் பெற்றது. அன்றே வெள்ளையன் பணியில் சேர்ந்தார். சேர்ந்ததற்கான கடிதத்தில் அவர் கையொப்பமிட்ட இடத்தில் கிரீசு கறை இருந்தது. கறையில்லாமல் வேறொன்று எழுதித் தருமாறு கேட்ட எழுத்தரிடம், அதை அப்படியே கோப்பில் வைக்கச் சொன்னேன்.

என் பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறிற்று. தக்கதே. மேலதிகாரிக்குப் பதவி உயர்வோடு மாறுதல் வந்தது. சுற்றறிக்கையை எவரும் திரும்பப் பெறவில்லை. அது பயிற்சித் தொகுப்பில் இடம்பெற்று, உங்கள் கைவரை வந்து சேர்ந்திருக்கிறது. நான்கு மடல்களைச் சுமந்துவந்த மேலாளர், அதன்பின் எங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறைகூட வரவில்லை. தேவைப்பட்டபோதெல்லாம் நான்தான் போனேன்.

நேரே வாங்காதீர்கள் என்று இதற்குப் பொருளன்று. இன்றைய நிறுவனங்கள் வீட்டு வாசலிலேயே வண்டியை இறக்குவதாகக் கேள்வி, நன்று. முகவரெல்லாம் நல்லவர் என்பதும் அன்று. இழுப்பறை வரிசைகளை நான் இன்னும் மறக்கவில்லை. நான் சொல்வது சிறிது. இடையில் நிற்பவரை அகற்றுமுன், அவர் அங்கே நின்று என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை ஒரு பக்கம் படியுங்கள். அவர் போனபின் அவ்வேலையை யார் செய்வார் என்று பெயர் எழுதுங்கள். பெயர் எழுத இயலவில்லையாயின், அவரை ஒழித்துவிட்டோம் என்று கூத்தாடாதீர்கள், வேலையைத்தான் ஒழித்திருக்கிறீர்கள். வண்டிக்குள் இருப்பவன் ஒலி கேட்கிறது என்றால், உத்தரவாதச் சீட்டை எடுத்துப் படிக்காதீர்கள். நிறுத்துங்கள்.

ஆண்டுகள் பல கடந்தமையால் இதில் பிழைகள் இருக்கக்கூடும். கண்டவர் அருள்கூர்ந்து எனக்கு எழுதுங்கள். ஆனால் வரி வரியாகப் படித்து, வரி வரியாகக் குறிப்பிடுங்கள். முழுப் பக்கத்துக்கும் ஒரே கோடு இழுத்து அனுப்ப வேண்டா. வெள்ளையன் ஓய்வு பெற்று மலைமேல் தம் ஊரிலேயே இருக்கிறார். இதனை அவரிடம் படித்துக் காட்டியபோது, வண்டி நின்றது மூன்றாம் வளைவில் அன்று, நான்காம் வளைவில் என்றார். என் குறிப்பேட்டில் மூன்று என்றே இருக்கிறது. அந்நாளைய அறிக்கையிலும் மூன்று என்றே எழுதினேன். ஆயினும் நீங்கள் நான்கு என்றே கொள்க. ஒலியைக் கேட்டவர் அவர்.